உங்களுக்குத் தெரியுமா? தொலைபேசிக்குக் குரல் கொடுத்த கரித்தூள்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட கிரகாம் பெல் என்று சொல்லிவிடும். ஆனால் பெல் செய்த கருவியில் வாய்வைத்துப் பேசிய காலம் மிகக் குறைவு. காதில் வைக்கும் பகுதி கிட்டத்தட்ட அவர் வகுத்தபடியே நூறு ஆண்டு நிலைத்தது. பேசும் பகுதி மட்டும் பல கைகளில் மாறி மாறி உருவானது. அந்தப் பல பேரில் ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு துணிக்கடைக் குமாஸ்தா, ஒரு பாதிரியார், ஓர் இசை ஆசிரியர், காது சரியாகக் கேட்காத ஒருவர் எல்லாரும் உண்டு. இந்த முறை அவர்களைப் பற்றித்தான்.

*

கம்பி வழியே அனுப்பிப் பார்த்த முதல் வாக்கியங்களில் ஒன்று: "குதிரை வெள்ளரிக்காய் சாலட் சாப்பிடாது." பெல்லுக்கு 15 ஆண்டு முன்பே இதைச் சோதித்தவர் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்டோர்ஃப் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த பிலிப் ரைஸ். பழகிய வாக்கியமாக இருந்தால் பாதி கேட்டதும் மீதியை ஊகித்துவிடலாம். அதனால்தான் இப்படி அர்த்தமற்ற ஒன்று. மரத்தில் மனிதக் காது வடிவத்தைச் செதுக்கி, அதன் துளையில் சவ்வைக் கட்டி, சவ்வின்மேல் சிறு பிளாட்டினத் துண்டை ஒட்டியிருந்தார். மறுமுனையில் கம்பிச்சுருள் சுற்றிய ஒரு பின்னல் ஊசி. அதை ஒரு வயலின்மேல் பொருத்தி ஒலியைப் பெருக்கினார். 1861 அக்டோபர் 26 அன்று ஃபிராங்க்ஃபர்ட் இயற்பியல் கழகத்தில் இந்த ஏற்பாட்டைக் காட்டினார்.

பாட்டின் சுருதி கேட்டது, பேச்சு தெளியவில்லை. காரணம் எளிது. சவ்வு அதிரும்போது மின்தொடர்பு முழுதாகச் சேரும், முழுதாக விடுபடும். ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆனால் 'அ'வையும் 'இ'யையும் வேறுபடுத்தும் நுண்ணிய ஏற்ற இறக்கம் போகாது. தொடர்பு அறுபடாமல் லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதே கருவி ஓரளவு பேசும். ரைஸ் அந்த விளிம்பில்தான் நின்றிருந்தார். 1874-இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 40. பின்னாளில் பெல்லின் காப்புரிமையை எதிர்த்தவர்கள் ரைஸின் கருவியை அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ரைஸின் வழியில் நூறு ஆண்டு போனாலும் பேசும் தொலைபேசி வந்திருக்காது என்று 1881-இல் நீதிபதி லோவெல் தீர்ப்பில் எழுதினார். இந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையானது என்றே எனக்குப் படுகிறது.

*

தொலைபேசிக்கு முன்மாதிரி இறந்துபோன ஒரு மனிதரின் காது. பாஸ்டன் மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக் அதை பெல்லுக்குக் கொடுத்தார். 1874 கோடையில் கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் உள்ள பெற்றோர் வீட்டில் பெல் அதன் எலும்பில் ஒரு வைக்கோல் துண்டை ஒட்டி, கரிப்புகை படிந்த கண்ணாடியில் ஒலியின் அலைவடிவை வரையவைத்தார். அவரை உலுக்கியது ஒரு விஷயம்: மெல்லிய செவிப்பறை தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறது. அப்படியானால் ஒரு சவ்வு இரும்புத் துண்டையும் அசைக்குமே! காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த ஆசிரியர் அவர். மின்பொறியாளர் ஒருவருக்கு இந்த எண்ணம் எளிதில் வந்திருக்காது.

*

1876 மார்ச் 10. "மிஸ்டர் வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்." பாஸ்டன் அறையில் பெல் தன் உதவியாளர் வாட்சனிடம் இதைப் பேசியது தண்ணீரில்! ஓர் உலோகக் கிண்ணத்தில் சிறிது கந்தக அமிலம் கலந்த தண்ணீர். மேலே தோல்சவ்வு, சவ்வில் தொங்கும் ஒரு கம்பியின் நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும். குரலுக்கு ஏற்பக் கம்பி ஆழமாக இறங்கினால் மின்சாரம் அதிகமாகப் பாயும். மேலே ஏறினால் குறையும். அமிலம் உடையில் கொட்டியதால்தான் பெல் உதவிக்குக் கூப்பிட்டார் என்ற கதை வாட்சன் பிற்காலத்தில் சொன்னது. பெல்லின் அன்றைய குறிப்பேட்டில் அமிலம் கொட்டியதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்று, பெல்லின் காப்புரிமை விண்ணப்பம் போன அதே நாளில், அதே அலுவலகத்தில் எலிஷா கிரே என்பவரும் திரவத்தில் கம்பி இறங்கும் கருவியின் விவரத்தைப் பதிவுசெய்திருந்தார். இருவரில் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் இருவரின் திரவக் கருவியும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. அமிலக் கிண்ணத்தைச் சுவரில் மாட்டி யார் பேசுவார்கள்?

*

1877-இல் பெல் விற்ற தொலைபேசியில் பேட்டரியே கிடையாது. நிலைகாந்தம், அதில் ஒரு கம்பிச்சுருள், எதிரே ஓர் இரும்புத் தகடு, இவ்வளவுதான். தகடு அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். பேசுவதும் அதில்தான், கேட்பதும் அதில்தான். பேசி முடித்ததும் வாயிலிருந்து எடுத்துக் காதில் வைக்க வேண்டும். முதலில் சொற்கள் தெளியாமல் இருக்கும், சில தடவை கேட்டால் காது பழகிவிடும் என்று அந்தக் கம்பெனியின் விளம்பரமே வாடிக்கையாளருக்கு ஆறுதல் சொன்னது.

குறை எங்கே என்றால், மனிதக் குரலின் ஆற்றல் மிகச் சிறியது. அந்தச் சிறு ஆற்றலே மின்சாரத்தையும் உண்டாக்கி, நீண்ட கம்பியையும் கடந்து, மறுமுனைத் தகட்டையும் அசைக்க வேண்டும். அதனால் கத்திப் பேசினார்கள். ஆனாலும் பேட்டரி இல்லாமல் இயங்குவது பெரிய நன்மைதான். இதே தத்துவத்தில் அமைந்த தொலைபேசிகள் கப்பல்களில், முழு மின்சாரமும் போனாலும் பேசுவதற்காக, நம் காலத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன.

*

தொலைபேசியை உரக்கப் பேச வைத்தவருக்குக் காது சரியாகக் கேட்காது. தாமஸ் எடிசன். பெல்லின் கருவியில் வரும் மெல்லிய ஒலி தனக்குக் கேட்கவில்லை, அதனால்தான் திருத்தப் புகுந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெல்லின் போட்டியாளரான வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்தது.

எடிசன் பிடித்துக்கொண்ட பொருள் கரி. மென்லோ பார்க் ஆய்வகத்தின் அருகே ஒரு கொட்டகையில் மண்ணெண்ணெய் விளக்குகளின் திரியை உயர்த்தி இரவு பகலாகப் புகையவிட்டார்கள். நம் பாட்டிமார் கண்மைக்காக விளக்கில் கரி பிடித்தது போலவேதான். படிந்த கரியைச் சுரண்டி, அழுத்தி, சிறு பொத்தானாக்கினார்கள். தகட்டுக்குப் பின்னால் அந்தப் பொத்தான். அதன் வழியாக பேட்டரியின் மின்சாரம். குரல் தகட்டை அழுத்தினால் கரியின் மின்தடை குறைந்து மின்சாரம் பெருகும். தகடு தளர்ந்தால் மின்சாரம் குறையும்.

இதில் அடங்கியிருந்த மாற்றம் பெரிது. குரல் இனி மின்சாரத்தை உண்டாக்க வேண்டியதில்லை. பேட்டரி தரும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும். உள்ளே போகும் குரலின் ஆற்றலைவிட வெளியே வரும் மின் ஆற்றல் பல மடங்கு. அதாவது, வெற்றிடக் குழாயும் டிரான்சிஸ்டரும் வருவதற்கு வெகு முன்பே, ஒரு பொத்தான் அளவு கரி மின்பெருக்கியாக வேலை செய்தது. எடிசனின் கண்டுபிடிப்புகளில் மின்விளக்கை எல்லாரும் பேசுகிறார்கள். இதற்குரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

அதோடு அவர் நிற்கவில்லை. கரியின் மின்தடை சில ஓம்கள்தான் மாறும். பல மைல் கம்பியின் மின்தடையோடு சேர்த்தால் அந்த மாற்றம் காணாமல் போய்விடும். எனவே கரியையும் பேட்டரியையும் ஒரு சிறு சுற்றில் தனியே வைத்து, தூண்டுசுருள் ஒன்றின் வழியாக மின் அழுத்தத்தை உயர்த்தி நெடுங்கம்பியில் ஏற்றினார். நகரம் விட்டு நகரம் பேசுவதற்கு இந்தச் சுருள் வழிதிறந்தது.

1877 ஏப்ரலில் எடிசன் கொடுத்த விண்ணப்பத்துக்குக் காப்புரிமை கிடைத்தது 1892 மே மாதத்தில். பதினைந்து ஆண்டு!

*

எடிசனுக்கு இரு வாரம் முன்பே, 1877 ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டனில் ஒருவர் இதே திசையில் தன் யோசனையைப் பதிவு செய்திருந்தார். அவர் எமில் பெர்லினர். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து 1870-இல் வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். தீயணைப்புத் தந்தி அலுவலகத்தில் இருந்த நண்பர் ஒருவரிடம் தந்தி அடிக்கப் பழகியபோது, "சாவியை இன்னும் அழுத்தி அடி, அப்போதுதான் மின்சாரம் நன்றாகப் போகும்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தை பெர்லினருக்குப் பொறிதட்டியது. தொடுமிடத்தில் அழுத்தம் மாறினால் மின்சாரம் மாறும்! சோப்புப் பெட்டி ஒன்றில் தகட்டையும் ஒரு திருகையும் பொருத்தி அவர் ஒரு மாதிரி செய்தார்.

பெல் கம்பெனி 1878-இல் அவர் உரிமையை விலைக்கு வாங்கி, அவருக்கு வேலையும் கொடுத்தது. காப்புரிமை மட்டும் 1891 வரை இழுத்தது. பெல்லின் முதல் காப்புரிமை முடியும் தறுவாயில் இது வந்ததால், வேண்டுமென்றே தாமதப்படுத்தினார்கள் என்று அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. 1897-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்பளித்தது. கிராமபோன் இசைத்தட்டை உலகுக்குத் தந்தவரும் இதே பெர்லினர்தான்.

*

1878-இல் பெல் கம்பெனியைக் காப்பாற்றியது பிரான்சிஸ் பிளேக் செய்த கருவி. காது கொடுத்த மருத்துவர் பிளேக் வேறு, இவர் வேறு; இவர் அமெரிக்கக் கடலோர அளவைத் துறையில் பணியாற்றியவர். கெட்டிக் கரிப் பொத்தான்மேல் ஒரு சிறு பிளாட்டின மணி மெல்லத் தொட்டு நிற்கும். இரண்டும் விற்சுருள்களில் தாங்கப்பட்டிருக்கும். அதைத் தொழிற்சாலையில் ஒரே தரமாகச் செய்யும் வழியை வகுத்தவர் பெர்லினர். எடிசனின் கருவிக்காக ஓடிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் நின்றார்கள். 1879 நவம்பரில் வெஸ்டர்ன் யூனியன் சமரசம் பேசித் தொலைபேசித் தொழிலையே விட்டு விலகியது.

*

மூன்று ஆணிகள் போதும், தொலைபேசியின் பேசும் பகுதி தயார். இரண்டை இணையாக வைத்து, மூன்றாவதைக் குறுக்கே சும்மா போட்டு, பேட்டரியை இணைத்தார் டேவிட் எட்வர்டு ஹியூஸ். லண்டன், 1878. ஆணிகள் ஒன்றையொன்று லேசாகத் தொடும் இடத்தில் ஒலி பட்டால் மின்சாரம் மாறியது. பிறகு ஆணிக்குப் பதில் கரிக்குச்சி. ஈ நடக்கும் சத்தம்கூடக் கேட்டது.

எந்த எலக்ட்ரீஷியனும் தேடித் தேடிச் சரிசெய்யும் 'லூஸ் கான்டாக்ட்' என்ற பழுதுதான் இங்கே வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் ஹியூஸ். கரி அழுந்திச் சுருங்குவதால் மின்தடை மாறுகிறது என்று எடிசன் நினைத்தார். ஹியூஸ் சொன்னதே சரி: பொருளின் உள்ளே எதுவும் நடப்பதில்லை, தொடும் இடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. என் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டார்கள் என்று எடிசன் கொதித்தார். பத்திரிகைகளில் பெரிய சண்டை. ஹியூஸோ காப்புரிமை கேட்கவே இல்லை. அச்சடிக்கும் தந்திக்கருவி ஒன்றைச் செய்து ஏற்கெனவே வசதியாகிவிட்டவர். அதற்கு முன் அமெரிக்காவின் கென்டக்கியில் இசை கற்பித்தவர். மைக்ரோஃபோனை எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1900-இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியை லண்டன் மருத்துவமனைகளுக்கு எழுதிவைத்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1879-இல் எங்கோ பொறி தெறித்தால் தன் லூஸ் கான்டாக்டில் சத்தம் வருவதை ஹியூஸ் கவனித்தார். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு லண்டனின் கிரேட் போர்ட்லண்ட் தெருவில் நடந்து, சில நூறு கஜ தூரம்வரை அது கேட்பதைக் கண்டார். நடுவில் கம்பி இல்லை. அது வானொலி அலை; அந்த அலையை மெய்ப்பித்த ஹெர்ட்ஸின் சோதனைக்குப் பல ஆண்டு முன்னால்! ராயல் சொசைட்டியின் பெரியவர்கள் 1880-இல் வந்து பார்த்து, சாதாரண மின்தூண்டல்தான் என்று சொல்லிவிட்டார்கள். மனம் தளர்ந்த ஹியூஸ் அதை வெளியிடாமலே வைத்துவிட்டார்.

*

1881 பாரிஸ் மின்பொருட்காட்சியில் மக்கள் வரிசையில் நின்று தொலைபேசியில் கேட்டது ஓபரா பாட்டு. கிளெமாங் அடேர் மேடையின் முன்விளிம்பில் கரிக்குச்சிக் கருவிகளை வரிசையாக வைத்திருந்தார். நடிகர்களின் காலடி அதிர்வு ஏறாமல் இருக்க, ஈயப் பலகையும் ரப்பர்க் கால்களும். இடக்காதுக்கு மேடையின் ஒரு பக்கக் கருவி, வலக்காதுக்கு மறுபக்கக் கருவி. பாடகர் நடந்தால் குரலும் நடந்தது. இன்று ஸ்டீரியோ என்கிறோமே, அதேதான்.

*

கரியைப் பொத்தானாக்காமல் தூளாகவே போட்டால் என்ன என்று கேட்டவர் யார்க்ஷயரின் போல்டன் பெர்சி ஊரில் உதவிப் பாதிரியாராக இருந்த ஹென்றி ஹன்னிங்ஸ். 1878-இல் காப்புரிமை பெற்றார். இரண்டு தகடுகளுக்கு நடுவே நுணுக்கிய கல்கரித் தூள். ஒரு தொடுமிடத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான தொடுமிடங்கள். அதனால் அதிக மின்சாரம் தாங்கியது, குரலும் பலமாகக் கேட்டது.

ஒரே தொல்லை: தூள் நாளடைவில் கீழே இறங்கிக் கெட்டித்துவிடும். அப்புறம் பேச்சு மங்கும். ஆட்கள் தட்டிக் குலுக்கி மறுபடி பேசுவார்கள். இதைத் தீர்த்தது பெல் கம்பெனியின் ஆன்டனி வைட் 1890-இல் செய்த கருவி. பின்பக்கத் தகட்டை ஓர் உலோகப் பாலத்தில் அசையாமல் இறுக்கினார்; முன்பக்கத் தகடு மட்டும் குரலோடு அசையும். கரி இருக்கும் அறையைத் தகடுகளைவிடச் சற்று அகலமாக வைத்தார், மணிகள் புரண்டுகொண்டே இருக்க இடம் கிடைத்தது. 35 ஆண்டுக்குமேல் அமெரிக்கத் தொலைபேசிகளில் இருந்தது இந்த வடிவம். உள்ளே போடும் மணிகளுக்கு, ஆந்த்ரசைட் நிலக்கரியை வறுத்துப் பயன்படுத்தும் முறையை எடிசன் 1886-இல் வகுத்துத் தந்திருந்தார்.

*

பழைய ஆங்கிலப் படங்களில் ஒரு கையில் தண்டுபோன்ற தொலைபேசியும் மறுகையில் காதுக்குழலுமாகப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் மோஸ்தர் இல்லை. கரிமணிகள் நிமிர்ந்த நிலையில்தான் சரியாக வேலை செய்யும். சாய்த்தால் குரல் குறையும். தவிர, வாய்ப்பகுதியையும் காதுப்பகுதியையும் ஒரே கைப்பிடியில் சேர்த்தால், காதில் வரும் ஒலி திரும்ப வாய்ப்பகுதியில் நுழைந்து ஊளையிடும். ஐரோப்பாவில் 1890-களிலேயே ஒரே கைப்பிடி வந்துவிட்டபோதும், பெல் நிறுவனம் இவற்றைத் தீர்த்து 1927-இல்தான் அதைச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது.

*

கரிக்கு மின்சாரம் கொடுக்க ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசிக்கு அருகே கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசல் ஊற்றிய லெக்லாஞ்சே மின்கலம் இருந்தது. ஆள் வந்து பார்த்து நிரப்ப வேண்டும். இணைப்பகத்திலிருந்தே எல்லா வீட்டுக்கும் மின்சாரம் அனுப்பும் முறை 1890-களில் வந்த பிறகுதான் சாடிகள் வீட்டை விட்டு வெளியேறின. கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசிய ரகசியம் அதுதான்.

*

கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றுக்கும் தொலைபேசி இணைப்பகம் 1882-இல் வந்துவிட்டது. நடத்தியது இங்கிலாந்தின் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. அதன் பின்னணியில் எடிசன், பெல் இருவரின் உரிமைகளும் ஒன்றுசேர்ந்திருந்தன. அமெரிக்காவில் நீதிமன்றம் ஏறியவர்கள் இந்தியாவுக்குக் கூட்டாகவே வந்தார்கள்.

*

1904-இல் ஹெர்பர்ட் ஷ்ரீவ் ஒரு காதுப்பகுதியின் தகட்டை நேரே கரிமணிகளோடு இணைத்தார். நெடுங்கம்பியில் களைத்து வரும் குரல் அங்கே புதுப் பலம் பெற்று மேலே போனது. நெடுந்தூரத் தடங்களில் இது பயன்பட்டது. 1915 ஜனவரி 25 அன்று, வெற்றிடக் குழாய்களின் துணையோடு நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் பேசின. பெல் தன் முதல் கருவியின் நகலில் பழைய வாக்கியத்தையே சொல்லி வாட்சனைக் கூப்பிட்டார். "இப்போது வருவதற்கு ஒரு வாரம் ஆகுமே" என்றார் மறுகரையிலிருந்து வாட்சன்.

*

பெல் ஆய்வகத்தின் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் 1962-இல் கரியே தேவைப்படாத எலெக்ட்ரெட் மைக்ரோஃபோனைக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் 1970-கள் தாண்டியும் உலகத்தின் பெரும்பாலான தொலைபேசிகள் கரியில்தான் பேசின. பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசி ஆலையில் செய்து நம் வீடுகளுக்கு வந்த, எண்தகட்டைச் சுழற்றும் கறுப்புத் தொலைபேசியும் அதில் சேர்த்தி.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாய்ப்பக்க மூடியைத் திருகித் திறந்தால் ஒரு வட்ட வில்லை கையில் வரும். காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே கரிமணிகள் சரசரப்பது கேட்கும். அந்த வில்லை, காதுப்பக்க வில்லை, ஒரு சிறு பேட்டரி, கொஞ்சம் கம்பி. இவற்றை ஒரே சுற்றில் இணைத்தால் இன்றைக்கும் பேசும். அருகில் உள்ள பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். பிள்ளைகள் தாங்களே இணைத்துப் பேசிப் பார்க்கட்டும்.